அம்மாவுக்கு ‘நைன்’ வராது

தேர்வு முடிவு வந்தபோது இல்டாவின் அம்மா பீத்தா செய்துகொண்டிருந்தார். மாவை மேசை அகலத்துக்கு இழுத்து விரித்து, உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டும் நேரம். இரண்டு கையிலும் மாவு. அதனால் கைப்பேசியை இல்டாதான் எடுத்துப் படித்தாள்.

“என்ன போட்டிருக்கு கண்ணா? சட்டுனு சொல்லு, எனக்குப் படபடங்குது.”

“வாசிக்கிறதுல பாஸ். கேக்குறதுல பாஸ். எழுதுறதுலயும் பாஸ்.” இல்டா நிறுத்தினாள். “பேசுறதுலதாம்மா...”

“போச்சா?”

“போச்சு.”

அம்மா மாவைச் சுருட்டினார். ஆனால் உள்ளே உருளைக்கிழங்கை வைக்க மறந்துவிட்டார். அன்று மதியம் வெறும் மாவுச்சுருள்தான் சாப்பாடு. அப்பா அதை இரண்டு தடவை கேட்டு வாங்கி, “இன்னைக்குப் பிரமாதம்” என்று சொல்லிச் சாப்பிட்டார். அவர்கள் வீடு அப்படிப்பட்ட வீடு.

அம்மா ஸெஹ்ரா ஒரு நர்ஸ். போஸ்னியாவில் அவர்கள் இருந்த விசோக்கோ ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டது அவர்தான். ஜெர்மனியில் உல்ம் என்ற நகரத்தில் ஒரு மருத்துவமனை அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளக் காத்திருந்தது. அதற்கு ஜெர்மன் மொழித் தேர்வில் நான்கு பகுதியிலும் தேற வேண்டும். ஒன்றரை வருடமாக, வேலை முடிந்து வந்து, வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார். மூன்றில் தேறி நான்காவதில் கோட்டைவிட்டாயிற்று. அந்த ஒன்றை மட்டும் மூன்று வாரம் கழித்து மறுபடி செய்யலாம்.

இல்டா முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அது போக மாட்டேன் என்றது.

காரணம் இல்லாமல் இல்லை. அம்மா முதலில் தனியாக உல்முக்குப் போவார். ஒரு வருடம் கழித்து அப்பாவும் இல்டாவும் போவார்கள். இதுதான் திட்டம். பெரியவர்கள் பேசி முடித்தது. இல்டாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் ‘சரி’ என்றுதான் சொல்லியிருப்பாள். அந்த வீட்டுப் பிள்ளைதானே அவளும்.

ஒரு வருடம் அம்மா இல்லாமல் காலையில் எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்று அவள் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பாதியிலேயே நிறுத்திவிடுவாள்.

மறுநாள் மாலை மேல்மாடி ஃபதிலா அத்தை வந்தார்.

“உள்ள வரலடி ஸெஹ்ரா. சும்மா எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

“காப்பி போடட்டுமா அக்கா?”

“ஐயோ, வேண்டாம். இப்பதான் குடிச்சேன்.”

“ஒரே ஒரு கோப்பை.”

“வேண்டாம்னா கேளேன்.”

“தண்ணி கொதிச்சாச்சு அக்கா.”

“வேண்டாம்டி... சரி, நீ இவ்வளவு தூரம் சொல்றதால.”

மூன்று தடவை மறுக்க வேண்டும். அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். விசோக்கோவில் இது குழந்தைக்கும் தெரியும். வேண்டாம் என்று சொன்ன ஃபதிலா அத்தை மூன்று கோப்பை காப்பி குடித்தார். ‘இனிப்பே தொடுறதில்ல’ என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த அல்வாத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் காலி செய்தார்.

“என் பையன் எல்வெதின் ஜெர்மனிக்குப் போன புதுசுல என்ன ஆச்சு தெரியுமா?” என்று அத்தை ஆரம்பித்தார். “வேலை செய்யுற இடத்துல கேக் வேணுமான்னு கேட்டாங்களாம். இவன் மரியாதையா வேண்டாம்னு சொல்லியிருக்கான். சரின்னு தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களாம்! ரெண்டாந்தடவை கேக்கவே இல்லையாம்! ஒன்பது வருஷமாச்சு, இன்னும் அந்தக் கேக்கைப் பத்தியே பேசிட்டிருக்கான்.”

“அடப்பாவமே. அவ்வளவு கல்நெஞ்சா?” என்றார் அம்மா.

“அதெல்லாம் இல்லடி, நல்லவங்கதான். வேண்டாம்னா வேண்டாம்னே எடுத்துக்குவாங்க. இவன் மனசுல இருக்கறதை இவன்தானே சொல்லணும்?”

இல்டா அதைக் காதில் வாங்கிக்கொண்டாள்.

இந்த இடத்தில் இல்டாவின் ஜெர்மனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் அவளுக்கு ஜெர்மன் பாடம் உண்டு. ஆனால் அவள் அதற்கு முன்பே அந்த மொழியைக் கற்றுக்கொண்டாள். கூரையில் இருந்த டிஷ்ஷில் பாதி நாள் ஜெர்மன் சேனல்கள்தான் தெரியும். அவற்றில் வரும் கார்ட்டூன்களை நான்கு வயதிலிருந்து வாயைப் பிளந்து பார்த்தாள். யாரும் சொல்லித்தராமலே பேச்சு வந்துவிட்டது. ஒரே ஒரு குறை. அவளுக்குப் பிடித்த கார்ட்டூனில் வரும் கோபக்கார நரி மாதிரியே பேசுவாள். “இல்டா, நீ வணக்கம் சொன்னால்கூட என்னைக் கடிக்க வருவது போல இருக்கிறது” என்பார் ஜெர்மன் டீச்சர்.

அப்பா நெர்மினுக்குத் தெரிந்த ஜெர்மன், நான்கு கால்பந்து அணிகளின் பெயர்கள். அவர் சரயேவோ பேருந்து ஓட்டுநர். ஆக, அம்மாவோடு பேசிப் பழக வீட்டில் இல்டாவை விட்டால் ஆள் கிடையாது.

“தேர்வுல என்னதாம்மா ஆச்சு?” ஃபதிலா அத்தை போன பிறகு இல்டா கேட்டாள்.

அம்மா காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னார். “ரெண்டு பேரைச் சேத்து உக்கார வைப்பாங்க. ஒரு விஷயத்தைக் குடுத்து, சேர்ந்து திட்டம் போடுங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு மோஸ்தார் ஊர்ப் பையன் ஒருத்தன் ஜோடி. வேலையை விட்டுப் போற நண்பருக்கு விருந்து வைக்கணும். அவன் வெள்ளிக்கிழமைன்னான். நான் நல்லதுன்னேன். பூங்காவுலன்னான். ரொம்ப நல்லதுன்னேன். நீங்க சாப்பாடு கொண்டுவாங்கன்னான். எல்லாச் சாப்பாடும் நானே கொண்டுவர்றேன்னுட்டேன்.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு. தேர்வு வைக்கிற அம்மா என்னைப் பாத்து, ‘நீங்க என்ன நினைக்கிறீங்க?’ன்னு கேட்டாங்க. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னேன்.”

“ஏம்மா வேற யோசனை எதுவும் சொல்லல? அதுக்குத்தானே மார்க்கு!”

“அந்தப் பையனே பயந்துபோய் உக்காந்திருந்தாண்டா, பாவம். முகத்துக்கு நேரா எனக்கு வேற கருத்து இருக்குன்னு எப்படிச் சொல்றது?”

இல்டாவுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அம்மாவிடம் வார்த்தைகள் இல்லாமல் இல்லை. மருந்துப் பெயர், எலும்புப் பெயர், அலுவலகக் கடிதம் எல்லாம் அம்மாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ‘இல்லை, மாட்டேன்’ என்று மறுக்கும் ஜெர்மன் ‘நைன்’ என்பதும் ‘எனக்கு இதுதான் வேண்டும்’ என்பதும்தான் வரவில்லை. மூன்று வாரத்தில் அதைச் சரிசெய்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்றும், அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் இருவரும் பழகினார்கள். இல்டா எதைச் சொன்னாலும் அம்மா ‘நல்ல யோசனை’ என்றார். இல்டா அப்படியே விட்டுவிட்டாள். “எப்படிடா பேசுறேன்?” என்று அம்மா கேட்டபோதெல்லாம், “நல்லாப் பேசுறேம்மா” என்றாள்.

சனிக்கிழமை இருவரும் சந்தையிலிருந்து திரும்பும்போது படிக்கட்டில் ஃபதிலா அத்தையைப் பார்த்தார்கள்.

“எப்படிப் போகுது உன் ஜெர்மன்?”

“இனிப் பயமில்ல அக்கா” என்றார் அம்மா. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “இல்டா சொல்லிட்டா, நல்லாப் பேசுறேனாம். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இல்டாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கையிலிருந்த கத்திரிக்காய்ப் பை திடீரென்று கனத்தது. வீட்டுக்குள் வந்ததும் பையைக் கீழே வைத்தாள்.

“நான் சொன்னது பொய்மா.”

“எது?”

“நல்லாப் பேசுறேன்னு சொன்னது. இப்படிப் பேசினா இந்தத் தடவையும் போயிடும்.”

அம்மா அவளையே பார்த்தார். “ஏன் அப்படிச் சொன்ன?”

“தெரியல” என்றாள் இல்டா. அது இன்னொரு பொய். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, “சரி, இப்ப உண்மையாச் சொல்லிக்குடு” என்று உட்கார்ந்தார்.

இல்டா எதிரே உட்கார்ந்து, நரிக் குரலில் ஜெர்மனில் ஆரம்பித்தாள். “நம் நண்பர் மருத்துவமனையில் இருக்கிறார். நாம் அவரைப் பார்க்கப் போக வேண்டும். அவருக்கு ஓர் ஆடு வாங்கிக் கொடுப்போம்.”

“ஆடா... நல்ல யோசனை.”

“அம்மா!”

“என்னடா, நீ ஆசையாச் சொல்றே...”

“அந்த ஆட்டை அவருடைய கட்டிலில் கட்டிப் போடுவோம்” என்றாள் இல்டா மறுபடி ஜெர்மனில்.

அம்மாவின் உதடு துடித்தது. நர்ஸ் ஆயிற்றே. “கட்டிலிலா... சின்ன ஆடாக இருந்தால் நல்லது.”

“நைன். பெரிய ஆடு. பசியுள்ள ஆடு. அது அவருடைய காயத்துக்குப் போட்ட கட்டைத் தின்னும். பிறகு அறுவை சிகிச்சை அறைக்குள் போகும். அங்கே போய்...”

“நைன்!”

குளியலறையில் முகம் மழித்துக்கொண்டிருந்த அப்பா, பாதி முகத்தில் நுரையோடு ஓடிவந்தார். அம்மா எழுந்து நின்றிருந்தார்.

“நைன்! எனக்கு வேறு கருத்து உள்ளது! மருத்துவமனைக்குள் ஆடு வரக் கூடாது! ஏனென்றால் சுத்தம் மிகவும் முக்கியம்! நாம் பழம் வாங்கிப் போகலாம் என்று நான் நினைக்கிறேன்! அதுவும் கழுவிய பழம்!”

சொல்லி முடித்த பிறகுதான் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். “இதெல்லாம் நானா பேசினேன்?”

“யார் மேல கோபம்?” என்றார் அப்பா பயந்துபோய்.

“ஆட்டு மேலப்பா” என்றாள் இல்டா.

அம்மா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “நம்ம பாஷையில இப்படிச் சொன்னா சண்டைக்கு நிக்கிற மாதிரி இருக்கும்டா. இதுல சொன்னா அப்படி இல்ல. மனசு லேசா இருக்கு.”

அடுத்த இரண்டு வாரம் வீட்டில் ஒரே அமர்க்களம். யாரும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத யோசனைகளாக இல்டா சொன்னாள். அம்மா ஒவ்வொன்றையும் காரணத்தோடு மறுத்தார். பேருந்து நிலையத்துக் கழிவறையில் பிறந்தநாள் விழா வேண்டாம், ஏனென்றால் இடம் போதாது. டீச்சருக்கு ஒரு கூடை வெங்காயம் பரிசாகத் தர வேண்டாம், ஏனென்றால் அவர் அழுவார். மறுத்துவிட்டு உடனே தன் யோசனையைச் சொல்வார். போகப் போக அம்மாவின் குரலிலும் கொஞ்சம் நரி வந்துவிட்டது.

அம்மா இப்போது கட்டாயம் தேறிவிடுவார். அது தெரியத் தெரிய இல்டாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தானே அம்மாவை வழியனுப்பி வைப்பது போல இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள். அப்பா சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். இல்டா அம்மாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“இன்னைக்குத் தலைப்பு நான் யோசிச்சு வெச்சிருக்கேன்” என்றாள். பிறகு ஜெர்மனில், நரிக் குரல் இல்லாமல் மெதுவாகச் சொன்னாள். “ஒரு பெண் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறார். அவருடைய பயணத்தைச் சேர்ந்து திட்டமிட வேண்டும்.”

அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “அவர் முதலில் தனியாகப் போகலாம். ஒரு வருடம் கழித்துக் குடும்பம் போகலாம்.”

“எனக்கு வேறு கருத்து உள்ளது” என்றாள் இல்டா.

“காரணம் சொல்.”

“ஏனென்றால்...” இல்டா ஜெர்மன் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். “ஏனென்றால் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவள் பெரிய பெண்தான். ஆனால் ஒரு வருடம் மிக நீளம். அம்மா தேர்வில் தோற்றபோது அவள் சந்தோஷப்பட்டாள். அது தவறு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மா தனியாகப் போவதை அவள் விரும்பவில்லை.”

வாய்விட்டுச் சொல்லியாயிற்று. சொந்த மொழியில் இத்தனை மாதமாகச் சொல்ல முடியாததை அந்நிய மொழியில் சொல்லிவிட்டாள். மேசையைப் பார்த்தபடியே இருந்தாள்.

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

அம்மாவிடம் அந்தக் கேள்வியை முன்பும் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்று அம்மா சொன்ன பதில் வேறு.

“எனக்கு எல்லாம் ஒன்று அல்ல” என்றார் அம்மா ஜெர்மனில். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தப் பெண்ணும் தனியாகப் போக விரும்பவில்லை. ஒருநாள்கூட விரும்பவில்லை.”

அப்பா தேநீர்க் கிளாஸ்களோடு வாசலில் நின்றார். “என்ன ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் அழறீங்க? மறுபடியும் ஆடா?”

“அம்மா தனியாப் போக விரும்பலையாம்பா” என்றாள் இல்டா.

அப்பா கிளாஸ்களைக் கீழே வைத்தார். “ஸெஹ்ரா, நீதானே முதல்ல தனியாப் போறேன்னு சொன்ன?”

“நீ அதுதான் நல்லதுன்னு சொன்ன, நெர்மின். அதனால சொன்னேன்.”

“நீ அப்படி ஆசைப்படுறேன்னு நினைச்சுத்தான் நான் நல்லதுன்னு சொன்னேன்! எனக்கென்ன, உன்னை அனுப்பிட்டு இங்க தூக்கம் வருமா?”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதமாக அந்த வீட்டில் ஒரு திட்டம் இருந்தது. அதை யாருமே விரும்பவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் மனம் நோகக் கூடாது என்று அதைத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு மற்ற இருவருக்கும் வந்தது. தேநீர் ஆறிப்போனது.

அம்மா மறுநாள் சரயேவோவில் தேர்வுக்குப் போய்வந்தார். ஜோடியாக வந்த பெண், சுற்றுலாவுக்கு மலைக்குப் போகலாம் என்றாளாம். அம்மா கையை உயர்த்தி, வேறு கருத்து உள்ளது என்று தொடங்கினாராம். தேர்வு வைத்த அம்மாள் நேரம் முடிந்துவிட்டது என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்ததாம். பத்து நாளில் முடிவு வந்தது. பேசுவதிலும் பாஸ்.

அதற்கடுத்த வாரம் உல்ம் மருத்துவமனையிலிருந்து காணொளியில் அழைத்தார்கள். பேசியவர் திருமதி ஹௌக். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அம்மா நல்ல சட்டை போட்டுக்கொண்டு மேசை முன் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் இல்டாவும் படத்தில் தெரியாதபடி இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

“வாழ்த்துகள்” என்றார் திருமதி ஹௌக். “செப்டம்பரில் நீங்கள் வேலையில் சேரலாம். ஊழியர் விடுதியில் உங்களுக்கு ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம். ஒருவருக்கான அறை. உங்களுக்குச் சரிதானே?”

அம்மாவின் முகத்தில் அந்தப் பழைய புன்னகை வந்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் புன்னகை. இல்டா மூச்சை அடக்கிக்கொண்டாள். எவ்வளவு நல்ல வேலை! மறுத்துப் பேசி, அதுவும் போய்விட்டால்?

“நைன்” என்றார் அம்மா.

வீட்டில் கேட்டுக் கேட்டு அந்த ஒரு சொல் அப்பாவுக்கும் தெரிந்துவிட்டிருந்தது. நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“எனக்கு வேறு யோசனை உள்ளது. நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் சேர்ந்து வர விரும்புகிறோம். ஏனென்றால் என் மகளுக்குப் பதினொரு வயது. எனக்கு இந்த வேலை மிகவும் வேண்டும். ஆனால் அவளை விட்டுவிட்டு வந்தால் நான் நல்ல நர்ஸாக இருக்க மாட்டேன்.”

திருமதி ஹௌக் கண்ணாடியைக் கழற்றினார். இல்டா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதைச் சொன்னது நல்லது” என்றார் திருமதி ஹௌக். “சொல்லாவிட்டால் எங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று பேருக்கான வீடு தேட வேண்டும். அனுமதிகளும் வாங்க வேண்டும். பிப்ரவரி ஆகிவிடும். உங்களுக்குப் பரவாயில்லையா?”

அம்மா ஒரு நிமிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பினார். “பிப்ரவரின்னு சொல்றாங்க. நெர்மின், நீ என்ன சொல்ற?”

“உனக்கு எப்படித் தோணு...” என்று அப்பா ஆரம்பித்தார். இல்டா அவர் விலாவில் ஓர் இடி இடித்தாள். அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார்.

“பிப்ரவரியில ரோடெல்லாம் பனியா இருக்கும். எனக்கு அது பிடிக்கல. ஆனா ஓட்டிடுவேன். எனக்குச் சம்மதம்.”

“இல்டா?”

“நடு வருஷத்துல பள்ளிக்கூடம் மாறணும். அதுவும் எனக்குப் பிடிக்கல” என்றாள் இல்டா. “ஆனா நீ தனியாப் போறது அதைவிடப் பிடிக்கல. அதனால எனக்கும் சரிதான்.”

அம்மா திரையைப் பார்த்துத் திரும்பி, ஜெர்மனில் ‘சரி’ என்றார். அந்த வீட்டில் ஆயிரம் தடவை சொல்லப்பட்ட சொல்தான் அது. மூன்று பேரும் நிஜமாகவே சரி என்று நினைத்தது அன்றுதான்.